கோடையில் ஏரியும் பாய்மரப் படகும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – செய்திமடல் குழு)

முன் வரிசைப் பிள்ளைகளே, நீங்கள் படகைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இன்றைய பொருள் நிரலில் மூன்றாவதாக இருப்பது நம் ஏரி. ஏரியில் படகு விடும் வசதி வேண்டும், அதற்குக் கான்கிரீட் படகுத்துறை கட்டித் தர வேண்டும், கோடையிலும் தண்ணீர் நிற்கும்படி மதகை மூடி வைக்க வேண்டும் என்று நீர்வளத் துறைக்கு எழுத ஒரு கடித வரைவு சுற்றில் இருக்கிறது. செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், வேலை நிமித்தமாக அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருந்தபோது, பக்கத்திலிருந்த லேக் டிராவிஸ் ஏரியில் சில வருடங்கள் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஏரியில் பாய் விரிக்கலாம், நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கோடையில் அல்ல. மதகை மூடச் சொல்லும் வரியை அந்தக் கடிதத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஏன் என்று சொல்ல, அந்த டெக்சாஸ் ஏரியின் கதை உதவும்.

லேக் டிராவிஸ் இயற்கை ஏரி இல்லை. கொலராடோ ஆற்றின் குறுக்கே மேன்ஸ்ஃபீல்ட் அணை கட்டித் தேக்கியது. கிராண்ட் கேன்யன் வழியாக ஓடும் கொலராடோ வேறு. இது டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து, டெக்சாஸிலேயே கடலில் சேரும் ஆறு. 1937-இல் வேலை ஆரம்பித்து 1940-களின் தொடக்கத்தில் முடித்தார்கள். வெள்ளத்தைப் பிடித்து வைக்கவும், மின்சாரத்துக்கும், கீழே இருக்கும் ஊர்களுக்கும் வயல்களுக்கும் தண்ணீர் கொடுக்கவும் கட்டிய அணை. ஏரி நிறைந்திருந்தால் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 681 அடி. அந்த எண் அங்கே படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். நம் ஊரில் செம்பரம்பாக்கம் 24 அடி என்று 2015-க்குப் பிறகு சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறதே, அது மாதிரி.

அந்த ஆற்றில் வரிசையாக ஆறு ஏரிகள் உண்டு. அதில் லேக் ஆஸ்டின் போன்ற சிலவற்றில் வருடம் முழுக்க நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மேலிருந்து வருவதைக் கீழே விடுவதுதான் அவற்றின் வேலை. ஆனால் லேக் புக்கானனும் லேக் டிராவிஸும் சேமிப்பு ஏரிகள். மழைக்காலத்தில் வாங்கி வைத்து, வறட்சியில் கொடுப்பதற்காகவே இருப்பவை. அதனால் அவை ஏறும், இறங்கும். இறங்குவதுதான் அவற்றின் வேலை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2011-ஆம் வருடக் கோடை. ஆஸ்டின் நகரில் 90 நாள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. நமக்கு 100 டிகிரி பழக்கம்தான். ஆனால் நமக்குப் பிற்பகலில் கடல் காற்று வந்து காப்பாற்றும். அங்கே அது கிடையாது. அந்த வருடம் அணைகளுக்கு வந்த நீர்வரத்து வழக்கமான சராசரியில் பத்தில் ஒரு பங்குதான். இலையுதிர் காலத்தில் ஏரி 626 அடிக்கு வந்துவிட்டது. நிறைந்த மட்டத்திலிருந்து 55 அடி கீழே. அதாவது ஐந்து மாடி உயரத் தண்ணீர் காணாமல் போயிற்று.

அங்கே ஏரி நடுவில் சில தீவுகள் உண்டு. தண்ணீர் இறங்கினால் தலை காட்டும், ஏறினால் மறைந்துவிடும். அவற்றுக்கு 'சம்டைம்ஸ் ஐலண்ட்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'சில நேரத் தீவுகள்'. அந்தக் கோடையில் அவை தீவாகத் தெரியவில்லை, குன்றாகத் தெரிந்தன. கரையிலிருந்து படகை இறக்கும் சாய்தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கான்கிரீட் சாய்தளம் அப்படியே இருக்கும். அது முடியும் இடத்திலிருந்து தண்ணீர் இன்னும் நூறடி தள்ளி, சேறும் பாறையும் தாண்டி இருக்கும். மிதக்கும் படகுத்துறைகளைக் கம்பிவடத்தோடு இழுத்து இழுத்து ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். தண்ணீரைத் துரத்திக்கொண்டு போன மாதிரிதான். படகைக் கட்டி வைக்க இடமில்லாமல் எத்தனையோ பேர் வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அதே வருடம் செப்டம்பர் 4-ஆம் தேதி, காய்ந்து கிடந்த அந்த நிலத்தில் பலத்த காற்றில் தீ பிடித்தது. ஏரிக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. கிழக்கே பாஸ்ட்ராப் பக்கம் 1,600-க்கும் அதிகமான வீடுகள். அப்புறம் யாரும் படகைப் பற்றிப் பேசவில்லை.

வறட்சி அதோடு முடியவும் இல்லை. 2013 செப்டம்பரில் ஏரி 618 அடி வரை இறங்கியது. 2015 மே மாத மழையில்தான் திரும்ப ஏறத் தொடங்கியது. பிறகு 2018 அக்டோபரில் ஒரு வெள்ளம் வந்து 704 அடிக்குப் போனது. 618-இலிருந்து 704. அத்தனை அடி ஏறி இறங்கும் ஏரியில் நிரந்தரமாக ஒரு படகுத்துறை கட்டினால் அது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். பிள்ளைகள் கவனியுங்கள், இது உங்களுக்கு.

பாய்மரப் படகு காற்றால் தள்ளப்பட்டுப் போகிறது என்று எல்லோரும் நினைப்போம். பின்காற்றில் அது சரி. ஆனால் பக்கவாட்டில் காற்று வரும்போது பாய் ஒரு விமான இறக்கை மாதிரி வளைந்து, காற்று அதன் இரு பக்கமும் வழுக்கி ஓடுவதால் படகை இழுக்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, அடியில் ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். நடுப்பலகை என்று சொல்லலாம். காற்று வரும் திசைக்கு நேராக மட்டும் எந்தப் படகும் போகாது. இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி விட்டு, வளைந்து வளைந்து ஏற வேண்டும். மலைப்பாதை ஏறுகிற மாதிரி.

கோடையில் உள்நாட்டு ஏரிகளில் காற்று ஒரு சண்டிக்குதிரை. சுற்றியுள்ள நிலம் கொதிக்கும். காற்று குமிழ் குமிழாக மேலே எழும். ஏரிக்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் குளிர்ந்து கனமாகப் படிந்து கிடக்கும். மேலே அடிக்கும் காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நண்பகலில் ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், பாய் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். திடீரென்று ஒரு மூலையில் தண்ணீர் கருத்து, சுருக்கம் விழும். அதுதான் காற்று. அதைப் பார்த்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அது வேறு பக்கம் போயிருக்கும். லேக் டிராவிஸில் நீர்மட்டம் 50 அடி இறங்கியதும் இது இன்னும் மோசமாயிற்று. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுவர். கிணற்றுக்குள் இறங்கிப் பாய் விரித்த மாதிரி இருந்தது.

நம் ஏரியிலும் இது நடக்கும். நம் கரை தண்ணீர் நிறைந்திருக்கும்போது நாலடி உயரம்தான் தெரியும். மே மாதம் போய்ப் பாருங்கள், பன்னிரண்டு அடி மண் சுவர். ஒரு கரை, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்றை மறைக்கும். அதற்குள் படகு நகராது.

நமக்கு இருக்கும் வரம் கடல் காற்று. காலையில் மேலைக் காற்று, சூடாக, வறண்டு வரும். பிற்பகலில் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று உள்ளே நுழையும். நாம் கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பதால் நமக்குத் தாமதமாகத்தான் வரும். மேலைக் காற்று பலமாக இருக்கும் ஜூன் மாத நாட்களில் வராமலேயே போகலாம். அது வருவதற்கு முன் அரை மணி நேரம் ஒன்றுமே அசையாது. எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, 'இதோ வருது பார்' என்பார். வேப்ப மரத்து உச்சி முதலில் ஆடும். படகோட்டிக்கும் அதே உச்சிதான் அடையாளம்.

சரி, கோடையில் என்ன ஆபத்து? ஓட்டுவதற்குக் கஷ்டம் என்பது மட்டும் இல்லை.

முதலாவது இடி. மே, ஜூன் மாதங்களில் மாலை நேரத்தில் மேற்கே மேகம் கட்டினால், மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்கும். வீட்டில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும், மொட்டை மாடித் துணி பறக்கும். அதே காற்று ஏரி நடுவில் சின்னப் படகை ஒரு நொடியில் கவிழ்த்துவிடும். அதோடு, திறந்த தண்ணீரில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் உங்கள் பாய்மரம். இடி காதில் கேட்டால் கரைக்கு வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இரண்டாவது வெயில். படகில் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும், மேலிருந்தும் தண்ணீரிலிருந்து பட்டுத் தெறித்தும். காற்று வியர்வையை உடனே காய வைத்துவிடுவதால் எவ்வளவு வியர்க்கிறது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ உள்ளே போக வேண்டும். தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் நிழலுக்கு வந்துவிடலாம், சரியாகிவிடும். ஆனால் ஒருவர் உளற ஆரம்பித்தால், திசை தெரியாமல் பேசினால், அது வெப்பத் தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இது படகுக்கு மட்டும் சொல்லவில்லை. நம் வாசலில் நிற்கும் காவலாளிக்கும், குப்பை எடுக்க வரும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. தண்ணீர் இறங்கிய ஏரியின் அடி.

டெக்சாஸில் அது பாறையும் பழைய மரக்கட்டைகளும். நம் ஊரில் குழி. மண் எடுத்த குழி. எல்லா ஊரிலும் கோடை விடுமுறையில் ஏரியில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். முழங்கால் அளவுத் தண்ணீர் என்று நடந்து போகும் பிள்ளை, அடுத்த அடியில் பதினைந்தடிக் குழிக்குள் போய்விடும். தண்ணீர் கலங்கலாக இருக்கும், மேலேயிருந்து ஒன்றும் தெரியாது. கால் சேற்றில் மாட்டினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. நம் ஏரியிலும் தெற்கு மூலையில் அப்படி இரண்டு இடம் இருப்பது மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தெரியும்.

படகுக்கும் ஆழம் வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் 'ஆப்டிமிஸ்ட்' படகு எட்டடிக்கும் குறைவான நீளம், பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். உலகம் முழுக்க 15 வயது வரை இதில்தான் பந்தயம். அதன் நடுப்பலகைக்கே மூன்றடிக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். கவிழ்வது பயிற்சியின் ஒரு பகுதி. முதல் நாளே வேண்டுமென்று கவிழ்த்துக் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தால் பாய்மரம் போய்ச் சேற்றில் குத்திக்கொள்ளும். படகு நிமிராது. அடியில் பிள்ளை.

இப்போது நம் ஏரிக்கு ஒரு கணக்குப் போடுவோம். பரப்பு ஏறக்குறைய 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்பது நம் பகுதிக்கு மிகையில்லாத கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். ஆக, ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 200 லோடு. தினமும், யாருக்கும் பயனில்லாமல், வானத்துக்கு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாலு மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டரை அடி. நிலத்துக்குள் இறங்குவது இதில் சேரவில்லை. அது நம் கிணறுகளுக்கு வரும், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆக மதகை இறுக்கி மூடினாலும் மே மாதம் படகு ஓட்டும் ஆழம் நடுவில் ஒரு சின்ன வட்டத்தில்தான் மிஞ்சும். அதற்காக யாருடைய தண்ணீரை நிறுத்தச் சொல்கிறோம்?

இங்கே டெக்சாஸுக்கு ஒரு தரம் திரும்பிப் போகிறேன். அந்த அணையிலிருந்து கீழே, கடற்கரை பக்கத்து மாவட்டங்களில் நெல் விளைகிறது. ஆமாம், டெக்சாஸில் நெல். ஏரிகளை நிர்வகிக்கும் லோயர் கொலராடோ ரிவர் அத்தாரிட்டி, 1934-இல் தொடங்கிய அமைப்பு, அந்த விவசாயிகளுக்குத் தண்ணீர் கொடுத்து வந்தது. 2011-இல் ஏரி இறங்கிக்கொண்டிருந்தபோதும் நெல்லுக்குத் தண்ணீர் போனது. படகுத்துறைகளில் எல்லோருக்கும் கோபம். 'நம் ஏரியை வயலில் கொட்டுகிறார்கள்' என்று பேசிக்கொண்டார்கள். நானும் சோறு சாப்பிடுகிற ஊரிலிருந்து போனவன், எனக்கு அந்தப் பேச்சு தொண்டையில் மாட்டிக்கொள்ளும். 2012-இல், அந்த அமைப்பின் வரலாற்றில் முதல் முறையாக, பெரும்பாலான நெல் விவசாயிகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அடுத்த மூன்று வருடமும் அப்படியே. நகரங்களுக்கு உறுதி ஒப்பந்தம் இருந்தது. வயலுக்கு இருந்தது, இல்லாதபோது நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தம். சரி, படகுகளுக்கு ஏதாவது கிடைத்ததா? 2013-இல் ஏரி இன்னும் கீழேதான் போனது. மழை இல்லாமல் யார் பங்கை நிறுத்தினாலும் ஏரி நிறையாது.

நம் ஏரிக்குக் கீழே இன்னும் முப்பது, நாற்பது ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. பழைய ஊர்க்காரர்கள் பயிர் வைக்கிறார்கள். நம் மனைகளுக்குப் பின்னால் இருப்பதால் பல பேர் பார்த்ததே இல்லை. அந்த மதகு அவர்களுக்காகக் கட்டியது. நாம் வந்து பதினைந்து வருடம் ஆகவில்லை. நம் ஏரி சேமிப்பு ஏரி. கொடைக்கானல் ஏரி இல்லை. கொடைக்கானலில் 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கிப் படகு கொண்டுவந்து விட்டார், மலைக்காற்று, மலைமழை. அதை மனதில் வைத்துக்கொண்டு சமவெளி ஏரியைப் பார்த்தால், கோடையில் காய்ந்து கிடப்பது ஏதோ கேடு மாதிரி தெரியும். காய்வது கேடு இல்லை. அப்போதுதான் தூர் வார முடியும், மதகைப் பழுது பார்க்க முடியும், ஆகாயத்தாமரை சாகும். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் நம் குடியிருப்பில் லாரிக்கு வரிசையில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காய்ந்த ஏரியை மறு மழைக்குத் தயார் செய்யாமல் விட்டால்தான் கேடு.

பி பிளாக் மாமா கை தூக்குகிறார், 'அப்போ படகே வேண்டாமா' என்று கேட்கப் போகிறார். வேண்டும், மாமா. வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை நம் ஏரி நிறைந்திருக்கும். வெயில் இதமாக இருக்கும், வாடைக் காற்று சீராக அடிக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. அதே மாதங்களில்தான் பறவைகளும் வருகின்றன. கருவேல மரங்கள் இருக்கும் மேற்குப் பகுதி முழுவதையும் மிதவை போட்டு அவற்றுக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். பறவை பார்க்கும் நண்பர்கள் அதுவும் போதாது என்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். மோட்டார் படகு மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். நம் கிணற்றில் ஊறும் தண்ணீரில் டீசல் எதற்கு?

செயலாளர் மணி பார்க்கிறார். கடித வரைவில் நான் மாற்றியிருப்பது இவ்வளவுதான். மதகை மூடச் சொல்லும் வரி இல்லை. கான்கிரீட் படகுத்துறைக்குப் பதில், டிசம்பரில் இறக்கி மார்ச்சில் எடுத்து வைக்கும் மிதவைத்துறைக்கு அனுமதி கேட்கிறோம். தெற்கு மூலைக் குழிகளை இந்த மே மாதத்திலேயே, தண்ணீர் இல்லாதபோதே, அளந்து சரிவாக்கித் தர வேண்டும் என்று முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறேன். அதுவரை அங்கே கம்பமும் எச்சரிக்கைப் பலகையும் சங்கச் செலவில் நாளைக்கே வைத்துவிடலாம் என்று பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; பலகையில் தமிழோடு இந்தியிலும் எழுத வேண்டும், கட்டட வேலைக்கு வந்திருப்பவர்களின் பிள்ளைகள்தான் அந்தப் பக்கம் அதிகம் போகிறார்கள்.

படகு கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் இப்போதிலிருந்தே நீச்சல் வகுப்பில் சேருங்கள். டிசம்பரில் சட்டை, கால்சட்டையோடு 50 மீட்டர் நீந்திக் காட்டினால்தான் பெயர் எழுதுவோம். நீந்தத் தெரிந்தவருக்கும் மிதவை அங்கி கட்டாயம், பெரியவர்களுக்கும்தான். கடிதத்தின் நகல் வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஆயக்கட்டுக்காரர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான்தான் அழைத்தேன். கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போடுங்கள்.